திறந்த அடுப்பா, புகைபோக்கி அடுப்பா?

திருவனந்தபுரத்தின் மத்திய இரயில் நிலையமும் அரசுப் பேருந்து நிலையமும் எதிரெதிரே அமைந்துள்ள பகுதி தம்பானூர். ஆண்டு முழுவதும் பயணிகளின் கூட்டம் நிறைந்த இப்பகுதி, மாசி மாதத்தில் ஒரு நாள் மட்டும் பெரியதொரு சமையற்கூடமாக மாறிவிடுகிறது. ஆற்றுக்கால் பகவதி கோயிலின் பொங்காலை நாள் அது. கண்ணகியே இங்குக் குடிகொண்டாள் என்பது மரபுவழி நம்பிக்கை. கோயிலில் தொடங்கி, கிழக்குக்கோட்டை வழியாகத் தம்பானூரையும் கடந்து, சாலையின் இருமருங்கிலும் பெண்கள் மூன்று மூன்று செங்கற்களை வைத்து அடுப்புக் கூட்டுகின்றனர். காய்ந்த தென்னம்பாளையும் மட்டையும் எரிபொருள். புதிய மண்பானையில் அரிசியும் வெல்லமும் தேங்காயும் பொங்குகின்றன. 1997ஆம் ஆண்டில் 15 இலட்சம் பெண்களும், 2009ஆம் ஆண்டில் 25 இலட்சம் பெண்களும் கூடியதாகக் கின்னஸ் உலக சாதனை நூல் பதிவு செய்துள்ளது.

அடுப்புகள் மூட்டப்பட்ட சிறிது நேரத்தில் நகரத்தின் மீது புகை மேகமெனக் கவிகிறது. அவ்வழியே செல்வோரின் கண்களில் நீர் வழிகிறது. மாலையில் தீ அணைகிறது. கடற்காற்று புகையைக் கலைத்துவிடுகிறது. எஞ்சிய செங்கற்களை மாநகராட்சி திரட்டி, ஏழை எளியோருக்கான வீடு கட்டும் பணிக்குப் பயன்படுத்தி வந்துள்ளது. மூன்று கல் அடுப்பின் எளிமைக்கு இதனினும் சிறந்த சான்று வேறில்லை. காசில்லை, கட்டுமானம் இல்லை. வேலை முடிந்ததும் கல் வீட்டுக்குச் சுவராகிறது.

ஆனால், ஒரு நாள் நாம் வீதியில் காணும் இந்தப் புகை, நாடெங்கிலும் கோடிக்கணக்கான வீடுகளில் நாள்தோறும் நான்கு சுவர்களுக்குள் எழுந்துகொண்டிருக்கிறது. அங்கு அதைக் கலைக்கக் கடற்காற்று இல்லை. 2019-21ஆம் ஆண்டுகளில் நடைபெற்ற ஐந்தாம் தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, இந்தியக் குடும்பங்களில் 58.6 சதவீதமே சமையலுக்குத் தூய எரிபொருளை முதன்மையாகப் பயன்படுத்தின. எழுத்தறிவிலும் சுகாதாரத்திலும் முன்னணியில் நிற்கும் கேரளத்திலும் இவ்விகிதம் 72.1 சதவீதமே. எஞ்சியோரின் வீடுகளில் விறகே எரிகிறது. விறகு எரிந்தே தீரவேண்டும் எனில், அதை எவ்வாறு எரிப்பது என்பதே நம் முன் உள்ள வினா.

புகை என்பது எரியாத விறகே

விறகு நேரடியாக எரிவதில்லை. சூடேறும்போது அதிலுள்ள ஈரம் முதலில் ஆவியாகிறது. பின்னர் விறகு சிதைந்து, எரியக்கூடிய வாயுக்களை வெளியிடுகிறது. உலர்ந்த விறகின் எடையில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு இவ்வாறு வாயுவாகவே வெளியேறுகிறது. நாம் காணும் சுவாலை இவ்வாயுக்கள் எரிவதே ஆகும். இறுதியில் எஞ்சும் கரி, தணலாக நின்று எரிகிறது.

வாயுக்கள் முழுமையாக எரிய மூன்று நிபந்தனைகள் உண்டு: போதிய வெப்பம், போதிய காற்று, இரண்டும் கலப்பதற்கான நேரம். நாற்புறமும் திறந்த அடுப்பில் குளிர்ந்த காற்று தாராளமாகப் புகுந்து சுவாலையைத் தணித்துவிடுகிறது. வாயுக்களில் ஒரு பகுதி எரியும் முன்பே குளிர்ந்து, கரித்துகளாகவும் தார்த்துளிகளாகவும் கரியமில வாயுவினும் கொடிய கார்பன் மோனாக்சைடாகவும் வெளியேறுகிறது. இதுவே புகை. ஆகவே, புகை என்பது உடல்நலக் கேடு மட்டுமன்று. பயன்படாமல் வீணாகும் எரிபொருளும் ஆகும்.

சிக்கனத்தைப் பொறுத்தவரை ஓர் எளிய கணக்கைக் காண்போம். 30 பாகை வெப்பநிலையிலுள்ள 5 லிட்டர் நீரைக் கொதிநிலைக்குக் கொணர 350 கிலோ கலோரி வெப்பம் தேவை. காற்றில் உலர்ந்த 1 கிலோ விறகு ஏறத்தாழ 3,500 கிலோ கலோரி வெப்பம் தரவல்லது. திறந்த அடுப்பில், பெரும்பாலும் இவ்வெப்பத்தில் 10 சதவீதமளவே பானையைச் சென்றடைகிறது. எனவே 5 லிட்டர் நீருக்கு 1 கிலோ விறகு செலவாகிறது. 25 சதவீதத் திறனுள்ள அடுப்பில் அதே பணிக்கு 400 கிராம் விறகு போதும். காற்றின் இயல்பான ஓட்டத்தில் எரியும் மேம்படுத்தப்பட்ட அடுப்புக்கு இந்தியத் தர நிர்ணய அமைவனம் வகுத்துள்ள குறைந்தபட்சத் திறனும் 25 சதவீதமே. சிறு விசிறியால் காற்றூட்டப்படும் அடுப்புக்கு 35 சதவீதம் விதிக்கப்பட்டுள்ளது.

திறந்த அடுப்பின் திறன் எல்லா வீட்டிலும் ஒன்றாக இராது. காற்றுக்கு மறைப்பு வைத்து, சிறு சுள்ளிகளைக் கவனமாகத் தள்ளி எரிக்கும் கைதேர்ந்த பெண், திறந்த அடுப்பிலும் 15 சதவீதத்தை எட்டக்கூடும். மறுபுறம், சிறந்த அடுப்பில் பச்சை விறகைத் திணிப்பவர் அதன் பயனை முற்றிலும் இழந்துவிடுவார்.

மறுக்க இயலாத தீங்கு

1980களின் தொடக்கத்தில் கிர்க் ஸ்மித் என்ற அறிஞரும் அவருடைய இந்தியத் துணையாளர்களும் குஜராத்தின் கிராமங்களில், சமைக்கும் பெண்களின் மீதே சிறு அளவைக் கருவிகளைப் பொருத்தி ஆராய்ந்தனர். சமையல் நேரத்தில் அப்பெண்கள் சுவாசித்த காற்றில் ஒரு கன மீட்டருக்குச் சராசரியாக 7 மில்லிகிராம் அளவில் துகள்கள் மிதந்தன. அந்நாள்வரை காற்று மாசு என்றால் ஆலைப் புகையும் வாகனப் புகையும் என்றே எண்ணியிருந்த உலகத்திற்கு, கிராமத்துச் சமையலறை ஒரு புதிய பாடமாக அமைந்தது.

பின்னர், சென்னை போரூரிலுள்ள ஸ்ரீ இராமச்சந்திரா நிறுவனத்தின் கல்பனா பாலகிருஷ்ணனும் குழுவினரும் தமிழகக் கிராமங்களில் நடத்தி 2002ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில், விறகு முதலியவற்றால் சமைப்போர் 24 மணி நேரத்தில் சுவாசித்த காற்றின் நுண்துகள் அளவு சராசரியாகக் கன மீட்டருக்குச் சுமார் 230 மைக்ரோகிராம் எனக் கண்டனர். எரிவாயு பயன்படுத்திய வீடுகளில் இது சுமார் 80 ஆகவே இருந்தது.

நாட்பட்ட நுரையீரல் அடைப்பு நோய், குழந்தைகளின் நிமோனியா, இதய நோய், பக்கவாதம், நுரையீரல் புற்றுநோய், கண்புரை ஆகியவற்றுக்கும் வீட்டுப் புகைக்கும் உள்ள தொடர்பு இன்று உறுதிப்பட்டுள்ளது. 2020ஆம் ஆண்டில் வீட்டுக் காற்று மாசினால் உலகில் சுமார் 32 இலட்சம் மரணங்கள் நிகழ்ந்ததாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டுள்ளது. ஊதாங்குழலை வாயில் வைத்துக் குனிந்து நிற்பவளுக்கும், அவள் இடுப்பிலிருக்கும் குழந்தைக்குமே இதில் முதற்பங்கு கிட்டுகிறது.

அடுப்பு வந்த வழி

தீயைச் சுவருக்குள் அடைத்துப் புகையை வெளியேற்றும் முயற்சி நெடிய வரலாறு உடையது. குளிர்நாடுகளில் அறையை வெதுவெதுப்பாக்கச் சுவரோரம் அமைத்த திறந்த கணப்பு, வெப்பத்தின் பெரும்பகுதியைப் புகைபோக்கி வழியே வானத்திற்கே அனுப்பிவந்தது. அமெரிக்காவில் பெஞ்சமின் பிராங்கிளின் 1740களில் இரும்பு அடுப்பொன்றை வடிவமைத்ததும், ரம்போர்டு பிரபு 1790களில் கணப்பின் வாயையும் புகைபோக்கியின் தொண்டையையும் குறுக்கித் திருத்தியதும் இவ்விரயத்தைக் கண்டே. அங்குத் தேவை அறைக்கு வெப்பம். நமக்குத் தேவை பானைக்கு வெப்பம். ஆயினும் படிப்பினை ஒன்றே: தீயைச் சூழ்ந்து அணைத்து, காற்றை அளந்து விடவேண்டும்.

நம் மரபிலும் இவ்வறிவு இல்லாமல் இல்லை. முதன்மை அடுப்பின் சுவாலையை ஒரு துளை வழியே பக்கத்து அடுப்புக்குச் செலுத்தும் கொடியடுப்பைத் தமிழ்ப் பெண்கள் தலைமுறை தலைமுறையாக மண்ணால் பூசி வந்துள்ளனர். அதில் இல்லாதது புகைபோக்கி ஒன்றே. அக்குறையை நீக்கும் முயற்சியாக, வார்தாவின் மகன்வாடியில் 1947ஆம் ஆண்டையொட்டி மகன் அடுப்பு உருவாயிற்று. ஐதராபாத் பொறியியல் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த டாக்டர் எஸ். பி. ராஜு, புகையில்லாச் சமையலறையைக் கோடிக்கணக்கானோருக்கு உரியதாக்க வேண்டும் என வலியுறுத்தி 1953ஆம் ஆண்டில் நூலொன்றை வெளியிட்டார். 1974ஆம் ஆண்டில் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் தொடங்கப்பட்ட அஸ்த்ரா மையம், மூன்று பாத்திரங்களை ஒருங்கே ஏற்கும் அஸ்த்ரா ஒலெ என்ற அடுப்பை உருவாக்கியது.

கேரளத்தில் இப்பணியை ஏற்றது மக்கள் அறிவியல் இயக்கமான கேரள சாஸ்திர சாகித்திய பரிஷத் ஆகும். 1962ஆம் ஆண்டில் கோழிக்கோட்டில் தோன்றிய இவ்வியக்கம், 1980களில் பரிஷத் அடுப்பு எனப் பெயர் பெற்ற புகைபோக்கியுடன் கூடிய அடுப்பைப் பரப்பியது. இதனோடு சூடாறாப் பெட்டி என்ற எளிய சாதனத்தையும் அறிமுகம் செய்தது. கொதி வந்த அரிசிப் பானையை அடுப்பிலிருந்து இறக்கி, வெப்பம் வெளியேறாத அப்பெட்டியினுள் மூடி வைத்துவிட்டால், மேற்கொண்டு விறகின்றிச் சோறு வெந்துவிடும். புழுங்கலரிசி வேக நெடுநேரம் பிடிக்கும் கேரளத்தில் இது சிறு சேமிப்பு அன்று.

எண்ணிக்கையும் உண்மையும்

மத்திய அரசு 1980களின் முற்பகுதியில் மேம்படுத்தப்பட்ட அடுப்புகளுக்கான தேசியத் திட்டத்தைத் தொடங்கியது. 2002ஆம் ஆண்டில் அது முடிவுற்றபோது ஏறத்தாழ 3.5 கோடி அடுப்புகள் வழங்கப்பட்டிருந்தன. எண்ணிக்கையில் இது மாபெரும் சாதனை. எனினும், அவற்றில் மிகப் பல சில ஆண்டுகளுக்குள்ளேயே கைவிடப்பட்டன என்பது கசப்பான உண்மை.

காரணத்தை விளக்கும் ஆய்வு ஒன்று ஒடிசாவிலிருந்து கிடைத்தது. ரேமா ஹன்னா, எஸ்தர் டுஃப்லோ, மைக்கேல் கிரீன்ஸ்டோன் ஆகியோர் அம்மாநிலக் கிராமங்களில் புகைபோக்கி அடுப்பு பெற்ற குடும்பங்களை நான்கு ஆண்டுகள் வரை தொடர்ந்து கவனித்தனர். முதல் ஆண்டில் பெண்கள் சுவாசித்த புகை குறைந்தது. அதன் பின்னர் அக்குறைவு மறைந்தது. அடுப்பை முறையாகப் பயன்படுத்தாமையும், விரிசல்களைப் பூசாமையும், புகைபோக்கியைத் துப்புரவு செய்யாமையும் காரணங்களாயின. ஆய்வுக்கூடத்தில் அளந்த திறன் அடுக்களையில் நிலைக்கவில்லை.

இதற்குப் பெண்களைக் குறைகூறுதல் பொருந்தாது. திறந்த அடுப்பு எந்த அளவுப் பானையையும் ஏற்கும். எவ்வளவு நீள மட்டையையும் எரிக்கும். ஒரு குவளைத் தேநீருக்கு உடனே சூடாகும். மேலே பரணிலுள்ள விறகையும் தேங்காயையும் அதன் புகை உலர்த்துகிறது. ஓலைக் கூரையைப் பூச்சி அரிக்காமல் காக்கிறது. மண்ணால் கட்டிய கனத்த அடுப்போ, தன்னைச் சூடாக்கிக் கொள்ளவே முதலில் கணிசமான வெப்பத்தை உண்டுவிடும். வாய் சிறிதாகையால் விறகைப் பிளந்து தரவேண்டும். துளைக்குப் பொருந்தாத பானையை வைத்தால் இடுக்கு வழியே புகை அறைக்குள் வரும். இவ்வசதிக் குறைவுகளைக் கேட்டறியாமல் கட்டித் தரப்பட்ட அடுப்பு, விரைவில் பாத்திரம் கவிழ்த்து வைக்கும் திண்ணையாகி விடுவதில் வியப்பில்லை.

எதைத் தேர்வது?

தேர்வுக்குரிய முதல் அளவுகோல், தீ எங்கே எரிகிறது என்பதாகும். தம்பானூர் வீதியில் ஆண்டுக்கு ஒரு நாள் எரியும் மூன்று கல் அடுப்புக்குப் புகைபோக்கி தேவையில்லை. முற்றத்தில் என்றோ ஒரு நாள் நெல் புழுக்கவும், விருந்துக்குச் சமைக்கவும் திறந்த அடுப்பு போதுமானது. ஆனால் கூரையின் கீழ் நாள்தோறும் எரியும் தீக்குப் புகைபோக்கி இன்றியமையாதது. வாயில் கதவைத் திறந்து வைத்தாலே போதும் என்று கருதுதல் தவறு. தம்பானூரில் லாரி பேக்கர் வடிவமைத்த இந்தியன் காபி ஹவுஸின் துளையிட்ட செங்கற்சுவரைப் பலர் அறிவர். அத்தகைய சுவர் அறைக்குக் காற்றோட்டம் தரும். தேங்கும் புகையையும் குறைக்கும். எனினும் அடுப்பருகே நிற்பவரின் முகத்தைத் தொட்ட பிறகே புகை அதன் வழியே வெளியேறும். புகைபோக்கியோ, புகை முகத்தை எட்டும் முன்பே அதை இழுத்துக்கொள்கிறது.

இரண்டாவது அளவுகோல் எரிபொருளின் உலர்வு. பச்சை விறகின் எடையில் பாதியளவுகூட நீராக இருக்கலாம். அத்தகைய 1 கிலோ விறகிலுள்ள அரைக் கிலோ நீரை ஆவியாக்கவே சுமார் 300 கிலோ கலோரி செலவாகிறது. அவ்வெப்பம் முழுமையாகப் பானைக்குக் கிடைத்திருந்தால் 4 லிட்டர் நீரைக் கொதிக்க வைத்திருக்கும். தென்மேற்கு, வடகிழக்கு என இரு பருவமழைகளையும் பெறும் திருவனந்தபுரம் போன்ற இடங்களில், மழைக்கு முன்பே பிளந்து, நனையாத தாழ்வாரத்தில் காற்றுப் புகும்படி அடுக்கிய விறகே அடுப்பின் பாதித் திறன் எனலாம். தென்னைமட்டை, பாளை, சிரட்டை ஆகியவை விரைந்து பற்றுபவை. அவற்றைச் சிறுசிறிதாக இடவேண்டும். ஒரே தடவையில் நிறைத்துவிட்டால் எழும் வாயுக்களுக்குப் போதிய காற்று கிட்டாது.

மூன்றாவது, பராமரிப்பு. புகைபோக்கியின் குழாயில் கரி படிந்து வழி குறுகும்போது புகை திரும்பி அறைக்குள் வருகிறது. மாதம் ஒரு முறையேனும் அதைத் தட்டி, துடைத்துச் சுத்தம் செய்யவேண்டும். குழாயின் முனை கூரைக்கு மேல் நன்கு உயர்ந்து நிற்கவேண்டும். மேலே மழை மூடி அவசியம். ஓலைக் கூரையைக் குழாய் துளைக்குமிடத்தில் தீப்பற்றாத காப்பு வைத்தல் இன்றியமையாதது. அடுப்பின் விரிசல்களை அவ்வப்போது களிமண் கொண்டு பூசிவிடவேண்டும்.

நான்காவதாக ஓர் எச்சரிக்கை. கண்ணுக்குப் புகை தெரியவில்லை என்பதாலேயே காற்று தூயதாகிவிடாது. கனலும் கரி, நிறமும் மணமும் அற்ற கார்பன் மோனாக்சைடை வெளியிடுகிறது. குளிருக்காக மலைவாழிடங்களில் கரிச் சட்டியை மூடிய அறைக்குள் வைத்து உறங்குவோர் உறக்கத்திலேயே உயிரிழக்கும் அவலத்திற்கு இதுவே காரணம். புகைபோக்கியில்லாத எந்த அடுப்பும், அது திறந்ததாயினும் மூடியதாயினும், மூடிய அறைக்கு உரியதன்று.

அலுவலர் கேட்கவேண்டிய கேள்வி

2016ஆம் ஆண்டு மே 1ஆம் நாள் தொடங்கப்பட்ட உஜ்வலா திட்டத்தின் வாயிலாக 10 கோடிக்கும் மேற்பட்ட எரிவாயு இணைப்புகள் வழங்கப்பட்டுள்ளன. உடல்நலம் ஒன்றையே கருதினால், எந்த விறகடுப்பையும்விட எரிவாயு மேலானது என்பதில் ஐயமில்லை. எனினும் உருளையை மீண்டும் நிரப்பும் செலவைக் கருதி, வெந்நீருக்கும் சோற்றுக்கும் விறகை நாடும் வீடுகள் பல. கேரளத்தில் முன்புறச் சமையலறையில் எரிவாயுவும், பின்கட்டில் விறகடுப்பும் உள்ள வீடுகள் சாதாரணமாகக் காணக்கூடியவை. எரிவாயு வந்துவிட்டது எனக் கணக்கேட்டில் குறித்துக்கொண்டு பின்கட்டை மறந்துவிடுதல் கூடாது. அங்குதான் புகைபோக்கி தேவைப்படுகிறது.

ஆகவே, இத்துறையில் பணியாற்றுவோர் தம் அறிக்கையில் எத்தனை அடுப்புகள் கட்டப்பட்டன என்பதோடு நிறுத்திவிடலாகாது. மூன்றாம் ஆண்டின் மழைக்காலத்தில் அவற்றுள் எத்தனை எரிகின்றன, எத்தனை புகைபோக்கிகள் துடைக்கப்பட்டுள்ளன, பழுது பார்க்கத் தெரிந்த ஒருவர் அவ்வூரில் உள்ளாரா என்பவற்றையும் கேட்கவேண்டும். அடுப்பு கட்டப்படும் முன், அவ்வீட்டுப் பெண்ணின் பானை எவ்வளவு பெரிது, அவள் எரிப்பது மட்டையா விறகா, அவள் நின்று சமைப்பவளா அமர்ந்து சமைப்பவளா என்பதை அளந்தும் கேட்டும் அறியவேண்டும். ஓர் அடுப்புக்கு ஆகும் செலவில் ஒரு சிறு பங்கை இரண்டாம், மூன்றாம் ஆண்டுப் பழுதுகளுக்கென ஒதுக்கி வைப்பது, புதிதாக இன்னோர் அடுப்பைக் கட்டி எண்ணிக்கையைக் கூட்டுவதினும் பயன் தரும்.

பொங்காலை நாளின் புகையைத் தம்பானூரில் இறங்கும் ஒவ்வொரு பயணியும் காண்கிறார். அவர் கண்ணும் சிறிது கலங்குகிறது. நாள்தோறும் அடுக்களையில் எழும் புகையைக் காண்பவள் ஒருத்தியே. அவள் கண் கலங்காத நாளே இத்திட்டங்களின் வெற்றியை அறிவிக்கும் நாளாகும்.